கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் தெரபிக்கு முன்பணம் கட்டாதீர்கள்

என் பையனுக்கு நாலு வயது. ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். சி.பி., அதாவது செரிப்ரல் பால்சி; மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசை இறுகி அசைவு தடுமாறும் நிலை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். பிடித்து உட்கார வைத்தால் கொஞ்ச நேரம் இருப்பான், நிற்க ஃப்ரேம் வேண்டும். போன வருடம் ஒரு தனியார் தெரபி சென்டரில் 1,20,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம். பெயர் போடவில்லை, அது விசாரணைக்கு உரிய விஷயம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவில்தான் எல்லாம் தொடங்கியது. சுவரைப் பிடித்து நிற்கும் ஒரு பையன், அறுபது நாள் கழித்துத் தனியாக நடக்கிறான். அதைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டாள். பிறகு அந்த வீடியோவை அரசு மருத்துவமனை பிசியோ மேடத்திடம் காட்டியபோது, “இந்தப் பையனுக்கு ஒரு பக்கம்தான் பாதிப்பு. இவங்கள்ல பெரும்பாலானவங்க எப்படியும் நடந்துடுவாங்க சார்” என்றார். சி.பி. குழந்தைகளின் அசைவை ஐந்து நிலையாகப் பிரிக்கிறார்கள், ஐந்தாவதுதான் மிகக் கடுமையானது. எங்கள் பையன் நான்காம் நிலை. சென்டரில் இந்த நிலை பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை.

“ஜெர்மன் முறை சார். பொபாத், வொய்டா ரெண்டும் சேர்த்து, கையாலேயே நரம்பைத் தட்டி எழுப்புவோம்” என்றார் நடத்துகிறவர். அறுபது சிட்டிங், பணம் முழுவதும் முன்கூட்டியே. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே பையனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். வாசலில் அவனை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்கள். “பேரன்ட்ஸ் உள்ள இருந்தா குழந்தை கோஆப்பரேட் பண்ணாது.” உள்ளே அவன் கத்துவான், நான் வராண்டா பெஞ்சில் அசதியில் தூங்கிவிடுவேன். இதை எழுதவே கூசுகிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து துணி மாற்றக் காலை விரித்தாலே அலறினான். கேட்டால், “டைட்னஸ் உடையுது சார், நல்ல அறிகுறி” என்று பதில். கணுக்காலைத் தாங்கப் போடும் ஏ.எஃப்.ஓ. என்ற உறையையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள், அது போட்டால் நரம்பு சோம்பேறி ஆகிவிடுமாம். ஒருநாள் கரண்ட் போனபோது காற்றுக்காகக் கதவைத் திறந்தார்கள். பையன் பாயில் மல்லாக்கக் கிடக்கிறான். ஒரு பெண் அவன் தொடைகளை இரண்டு பக்கமும் அழுத்தி விரித்துப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒரு கண் செல்போனில். என்ன படிச்சிருக்கம்மா என்று கேட்டேன். மூணு மாசம் இங்கேயே டிரெயினிங் என்றது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, சம்பளத்துக்கு வந்த பிள்ளை.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் விற்ற இரண்டு பெயருமே பெற்றோரை உள்ளே கூப்பிடுகிற முறைகள். பெர்டா பொபாத் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குப் போன பிசியோதெரபிஸ்ட். அங்கே 1940-களில் டாக்டரான கணவரோடு சேர்ந்து அந்த முறையை உருவாக்கினார். குழந்தையை எப்படித் தூக்குவது, ஊட்டுவது, உடுத்துவது என்று வீட்டாருக்குக் கற்றுத்தருவது அதில் பெரிய பங்கு. வாட்ஸ்லாவ் வொய்டா 1968-இல் ஜெர்மனிக்கு வந்த செக் நாட்டு டாக்டர். அவர் முறையில் சில இடங்களை அழுத்தி அசைவைத் தூண்டுவார்கள், அதில் குழந்தை அழுவதும் உண்டுதான். ஆனால் தினம் பலமுறை அதை வீட்டில் செய்வதே அம்மா அப்பாதான். கதவுக்கு வெளியே நிறுத்தினால் நாங்கள் எதைக் கற்றுக்கொள்வது?

அந்த முறைகளும் மந்திரம் அல்ல. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013-லும் 2020-லும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கையால் இழுத்து நீட்டுவதை மட்டும் செய்தால் பெரிதாகப் பலன் இல்லை; குழந்தை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு வேலையைத் திரும்பத் திரும்பப் பழகுவதே கைகொடுக்கிறது என்பது அதில் தெரிந்தது. டம்ளரைப் பிடிப்பது, பெஞ்சிலிருந்து எழுவது மாதிரியான வேலைகள்.

நாற்பது சிட்டிங்கோடு நிறுத்திவிட்டு, மாவட்ட மருத்துவமனையில் இருக்கும் ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் போனோம். அங்கே காசு கிடையாது. பார்த்த உடனேயே இடுப்பு எக்ஸ்ரே எழுதினார்கள். சென்டரில் முன்பே நான் கேட்டபோது “கதிர் குழந்தைக்கு ஆகாது” என்று தடுத்திருந்தார்கள். படத்தில் வலது தொடை எலும்பின் தலை 42 சதவீதம் குழிக்கு வெளியே நின்றது. 30-ஐத் தாண்டினாலே எலும்பு டாக்டர் பார்க்க வேண்டும். சி.பி. குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு விலகுகிறது, நடக்காத குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். முதலில் வலிக்காது என்பதால் எக்ஸ்ரே எடுக்காமல் பிடிபடாது. சுவீடனில் 1994-இலிருந்தே இதற்கென்று குழந்தைகளை ஒழுங்காகக் கண்காணித்து, எலும்பு முழுதாகக் கழன்றுபோவதை மிகவும் குறைத்திருக்கிறார்கள்.

அவர்கள் அழுத்தியதால்தான் விலகியது என்று டாக்டர் சொல்லவில்லை. உள்தொடைத் தசையின் இழுப்பே காலப்போக்கில் இதைச் செய்யும் என்றார். அதனால் நானும் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் ஒரு எக்ஸ்ரே எடுத்திருக்கலாம் என்பது மட்டும் உண்மை.

புது இடத்தில் பிசியோ மேடம் முதல் நாளே என்னைப் பாயில் உட்கார வைத்து, என் இரண்டு கையையும் எடுத்துப் பையனின் இடுப்பில் வைத்தார். “பிடிக்காதீங்க, சும்மா தாங்குங்க. அவன்தான் எழணும்.” எழவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்தான், அவ்வளவுதான். அன்று கதறவில்லை.

மீதி இருபது சிட்டிங் பணத்தைக் கேட்டோம். நன்கொடையைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட், ரசீது, “60 சிட்டிங்” என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் சேர்த்தோம்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. பையனுக்கு இடுப்பு ஆபரேஷன் அடுத்த மாதம். அதற்கு முன் யாராவது கேட்டால் பதில் எழுதத் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.