தேர்தல் ஆணைய முடிவுத் தளம்: தொகுதிக்கு நம்பலாம், கூட்டணிக்குக் கால்குலேட்டர் வேண்டும்

மக்களவைத் தேர்தல் முடிவை மாநில வாரியாகப் பார்க்க இந்தியத் தேர்தல் ஆணையத்தின் முடிவுத் தளத்தைவிட நம்பகமான இடம் வேறில்லை. ஆனால் 2024 ஜூன் 4 அன்று வந்த தமிழ்நாட்டு முடிவை அதில் மேலோட்டமாகப் பார்த்தவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரிந்திருக்கும்.

தொகுதிப் பக்கம்தான் இதன் பலம். ஒவ்வொரு வேட்பாளருக்கும் இயந்திர வாக்கு, தபால் வாக்கு, மொத்தம், விழுக்காடு என்று தனித்தனிக் கட்டம். நோட்டாவுக்கும் ஒரு வரி. முகவரியில் தமிழ்நாட்டுக்கு எஸ்22, புதுச்சேரிக்கு யூ07 என்று குறியீடு. அதோடு தொகுதி எண்ணைச் சேர்த்தால் நேராகப் போய்விடலாம்: எஸ்2234 என்றால் விருதுநகர், காங்கிரஸ் 4,379 வாக்கில் தேமுதிகவை முந்திய இடம். தமிழில் பக்கம் இல்லாதது பெரிய குறை.

எண்ணிக்கை நாளில் பொறுமை வேண்டும். காலை 8 மணிக்குத் தபால் வாக்கு, 8.30க்கு இயந்திரம். ஒரு சுற்று முடிந்து தேர்தல் நடத்தும் அலுவலர் ஒப்புதல் தந்த பிறகுதான் எண் ஏறும். டிவியில் முன்னிலை ஓடும்போது தளம் காலியாக இருந்தால் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

சிக்கல் கட்சிப் பக்கத்தில். இந்தத் தளத்துக்குக் கூட்டணி என்ற ஒன்றே தெரியாது. எந்தச் சின்னத்தில் நின்றாரோ அந்தக் கட்சிக் கணக்கில் போட்டுவிடும். திமுக 22 என்று காட்டுவதில் உதயசூரியனில் நின்ற கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியின் நாமக்கல்லும் அடக்கம். பாஜகவின் 11.24 விழுக்காட்டில் வேலூர், பெரம்பலூர், சிவகங்கை, தென்காசியில் தாமரையில் நின்ற தோழமைக் கட்சியினரின் வாக்கும் இருக்கிறது. அதிமுகவின் 20.46க்குள் இரட்டை இலையில் நின்ற திண்டுக்கல் எஸ்டிபிஐ, தென்காசி புதிய தமிழகம் வேட்பாளர்களின் வாக்கும் உண்டு.

ராமநாதபுரம் (எஸ்2235) இதற்கு நேர்மாறு. பாஜக அணியின் ஆதரவோடு பலாப்பழச் சின்னத்தில் நின்ற ஓ. பன்னீர்செல்வம் 3,42,882 வாக்கு வாங்கி இரண்டாமிடம் வந்தார். தளத்தில் அவர் வெறும் சுயேச்சை. அதே பக்கத்தில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள், அவர்களும் சுயேச்சைகள்தான். அணிக் கணக்குப் போடுபவர் இந்த ஒரு வரியைக் கையால் சேர்க்காவிட்டால் மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வாக்கு காணாமல் போகும்.

விழுக்காட்டு வட்டப்படத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். காங்கிரஸுக்கு 10.67, பாஜகவுக்கு 11.24. பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே பலம் என்று தோன்றும். காங்கிரஸின் வாக்கு 9 தொகுதியில் நின்று வாங்கியது, ஒன்பதிலும் ஜெயித்தது. தாமரை நின்றது 23 தொகுதியில், வெற்றி பூஜ்யம். விழுக்காடு மாநிலம் முழுவதற்குமானது, எத்தனை இடத்தில் நின்றார்கள் என்பது பக்கத்தில் இல்லை. 8 விழுக்காட்டைத் தாண்டி, அதனாலேயே பின்னர் மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற்ற நாம் தமிழர், அன்றைக்கு அங்கீகாரம் இல்லாததால் 'மற்றவர்கள்' துண்டுக்குள் போய்விட்டது. பாதி விவாதங்கள் பிறந்தது இந்தப் படத்தில்தான் என்பது என் எண்ணம்.

டெபாசிட் கணக்குக்கும் தளத்தின் விழுக்காட்டை அப்படியே எடுக்காதீர்கள். அதில் நோட்டாவும் சேர்ந்திருக்கும். டெபாசிட்டுக்கு வேண்டிய ஆறில் ஒரு பங்கு நோட்டா நீங்கலான செல்லுபடியான வாக்கில்தான். 16.67க்கு ஒட்டி நிற்பவருக்கு நோட்டாவைக் கழித்துவிட்டுத் திரும்ப வகுத்துப் பாருங்கள்.

சட்டமன்றத் தொகுதி வாரியாகவோ பூத் வாரியாகவோ வேண்டுமென்றால் இந்தத் தளத்தில் தேடிப் பயனில்லை. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் படிவம் 20 எடுக்க வேண்டும். அதில் பூத்துக்கு ஒரு வரி, வேட்பாளருக்கு ஒரு நெடுவரிசை, நோட்டாவுக்கு ஒன்று. ஒரு மக்களவைத் தொகுதிக்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கூட்டினால் மொத்தம் இடிக்கும். பதற வேண்டாம், தபால் வாக்கு எந்தத் தொகுதிக்கும் பிரிக்கப்படாமல் கடைசியில் தனியாக நிற்கும். அதைச் சேர்த்தால் எண் பொருந்தும்.

தொகுதி முடிவுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். மாநில நிலவரத்துக்கு இரண்டரை.