எம்ஃபிண்டா எண்ணெய் வயல்: பல ஆண்டுகள் ஊடுருவிய அனுபவம்

2015 செப்டம்பரில் வெளியான 'மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபாண்டம் பெயின்' என்ற மறைந்து ஊடுருவும் வீடியோ கேமின் ஆப்பிரிக்கப் பகுதியில் எத்தனையோ காவல் தளங்கள் இருந்தாலும், நான் விடாமல் திரும்பிப் போவது எம்ஃபிண்டா எண்ணெய் வயலுக்குத்தான். கதை நிகழும் ஆண்டு 1984. இடம் அங்கோலா, சயீர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) எல்லைப் பகுதி. கசியும் எண்ணெய் ஆற்றை நாசமாக்கிக்கொண்டிருக்க, கூலிப்படை ஒன்று இந்த வயலைக் காவல் காக்கிறது. பம்பை நிறுத்திவிட்டுப் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொட்டியைத் தகர்க்க வேண்டும் என்பதே 13ஆவது மிஷன் நமக்கு இடும் வேலை.

வேலை எளிதுதான். இந்த இடம் சலிக்காமல் இருப்பதற்குக் காரணம் காவலர்கள். நாம் எப்படி விளையாடுகிறோமோ அதற்கேற்ப அவர்கள் தயாராகிறார்கள்: தலையைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே இருந்தால் ஹெல்மெட் அணிகிறார்கள், இரவிலேயே நுழைந்தால் நைட் விஷன் கண்ணாடி மாட்டிக்கொள்கிறார்கள், மயக்கப் புகையை நம்பினால் முகமூடியோடு வருகிறார்கள். ஹெல்மெட் வந்துவிட்டால், தலைக்கு விடும் மயக்க ஊசி தெறித்துப் போகிறது. உடலில் பட்டாலோ ஆள் சாய நேரமெடுக்கிறது, அதற்குள் அவன் பக்கத்திலிருப்பவனை உஷார்ப்படுத்திவிடுகிறான். கேமில் நாம் திரட்டும் படையை அனுப்பி அந்தச் சரக்குகளின் வரத்தைத் தடுக்கலாம் என்றாலும், ஒரே உத்தியைப் பிடித்துத் தொங்காமல் மாற்றி மாற்றி ஆடுவதையே நான் விரும்புகிறேன்.

காவலர்களுக்குக் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ஷிஃப்ட் மாறுகிறது. கேமில் நேரத்தை வேகமாக நகர்த்தித் தரும் சுருட்டைப் பற்றவைத்து நேரத்தை ஓட்டினால், ஆட்கள் இடம் மாறும் அந்த இடைவெளியைப் பிடித்துவிடலாம். மழை வந்தால் இன்னும் நல்லது, காலடிச் சத்தம் கேட்காது. காவலர்களின் தகவல் தொடர்புக் கருவியைச் சி4 வெடிபொருள் வைத்துத் தகர்ப்பவர்கள் உண்டு. தண்ணீர்த் துப்பாக்கியால் நனைத்தால் அது ஓசையின்றிப் பழுதாகிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விளையாட்டுப் பொம்மை போலத் தோன்றும் அந்தத் துப்பாக்கியை நான் இன்றும் கையோடு எடுத்துப் போகிறேன்.

குறைகளும் உண்டு. சைலன்சர் தேய்ந்துபோகும் என்றாலும் கேட்ட மாத்திரத்தில் புதியது வானிலிருந்து இறங்கிவிடுவதால், சிக்கனமாகச் சுட வேண்டிய கட்டாயம் எழுவதில்லை. நம்மைப் பார்த்த காவலனை நேரம் மெதுவாகும்போது சாய்க்க உதவும் ரிஃப்ளெக்ஸ் மோட் புதியவர்களுக்கு வரம்; ஆனால் அது இருக்கும்வரை இந்த வயலின் பாதைகளை ஊன்றிக் கவனிக்க வேண்டிய தேவையே ஏற்படாது. அமைப்புகளில் அதை அணைத்த பிறகுதான், எந்தக் காவலன் எங்கே திரும்புவான் என்பதை நின்று பார்க்கும் பொறுமை எனக்கு வந்தது.

இதே பணி 44ஆவது மிஷனாக முழு மறைவு நிபந்தனையோடு மறுபடியும் வருகிறது. ஒருவன் நம்மைக் கண்டு சண்டை மூண்டாலே ஆட்டம் முடிந்தது. பழைய மிஷனையே மீண்டும் தந்து எண்ணிக்கையை நிரப்பியிருக்கிறார்கள் என்று சிலர் குறைப்பட்டது நியாயம்தான். எனக்கோ இந்த ஒரு தளத்தைப் பொறுத்தவரை அந்த நிபந்தனையே பொருத்தமாகப் படுகிறது. பாதியில் மாட்டினாலும் சுட்டுத் தப்பிக்கலாம் என்ற நினைப்பு போய்விடுவதால், தொட்டியில் வெடியை ஒட்டுவதற்கு முன்பே வெளியேறும் வழியை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 13ஆவது மிஷனை ரிஃப்ளெக்ஸ் இல்லாமல் ஓரிரு முறை முடித்தவர்கள் தாராளமாக இதற்குள் இறங்கலாம்.