போரிவலி காட்டில் ஒரு காலை: கன்ஹேரியா, ஷிலோண்டாவா?

மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்கு அரை நாள்தான் கைவசம் என்றால் எதைப் பார்ப்பது? போரிவலி ஸ்டேஷனிலிருந்து வாசலுக்கு நடந்தே வந்துவிடலாம். அப்புறம்தான் குழப்பம்: கன்ஹேரி குகைகளா, ஷிலோண்டா காட்டு நடைபாதையா?

வழி: கன்ஹேரிக்கு வாசலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தார்ச்சாலை, பஸ் உண்டு, வாடகை சைக்கிளும் உண்டு. ஷிலோண்டா மண்பாதை, ஓடைக்கல், வேர்.

அனுமதி: கன்ஹேரியில் தொல்லியல் துறைக்குத் தனி டிக்கெட், அவ்வளவுதான். ஷிலோண்டாவுக்கு வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கி, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். சிறுத்தை வாழும் காடு, தனியாகச் சுற்ற விடமாட்டார்கள்.

பார்க்க: கன்ஹேரியில் கருங்கல்லைக் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். 3ஆம் எண் சைத்தியத்தின் (பௌத்த வழிபாட்டுக் கூடம்) முன்மண்டபத்தில் ஆளைவிடப் பல மடங்கு உயர புத்தர்கள் நிற்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, பாறையில் வெட்டிய சிறு வாய்க்கால்கள். மழைநீர் அவற்றில் வழிந்து பல குகைகளின் வாசலில் உள்ள தொட்டிகளுக்குப் போய்ச் சேரும்.

ஷிலோண்டாவில் பறவை, வண்ணத்துப்பூச்சி. நம் குறிஞ்சிக்கு உறவான கார்வி இந்தக் காட்டில் 8 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், கடைசியாக 2024இல்.

தொல்லை: கன்ஹேரியில் குரங்கு. சிப்ஸ் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

குழந்தைகள், பெரியவர்களோடு போனால் கன்ஹேரி, அதுவும் காலையிலேயே. பாறை சுட ஆரம்பித்தால் சிரமம். பைனாகுலரும் பொறுமையும் இருந்தால் ஷிலோண்டா. முதல்முறை வருபவருக்கு நான் கன்ஹேரியையே சொல்வேன். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை.