அப்பாவின் பெம்ப்ரோலிஸுமாப் சிகிச்சை: மருந்துக்கு 5க்கு 4, மருந்து ஏற்றிய பிரிவுக்கு 2

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். 3 வாரத்துக்கு ஒரு முறை 200 மி.கி. பெம்ப்ரோலிஸுமாப், அரை மணி நேர டிரிப், அன்றைக்கே வீடு. முதல் ஸ்கேனிலேயே கட்டி சுருங்கியிருந்தது. நர்ஸ்கள் தங்கமானவர்கள், ஊசி குத்துவது கூடத் தெரியாது. அதில் எந்தக் குறையும் இல்லை.

குறை அவர்கள் கொடுத்த தாளில். வாந்தி, முடி உதிர்வு, வாய்ப்புண் என்று அப்படியே கீமோவுக்கு எழுதியது. இது கீமோ இல்லையே! நோயை எதிர்த்துப் போராடும் நம் டி செல்களில் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது, புற்றுநோய் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது, இந்த மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. இப்படிப்பட்ட பிரேக்குகளைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஆலிசன், ஹொஞ்சோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு 2018இல் நோபல் கிடைத்தது. ஆனால் பிரேக் விட்ட டி செல் புற்றுநோயை மட்டும்தான் தாக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல், எதையும் தாக்கலாம்.

5ஆவது டோஸுக்கு அப்புறம் அப்பா படுத்த படுக்கையானார். சோறு இறங்கவில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றியது. நோயின் அசதி என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பிரிவுக்கு இரண்டு முறை போன் செய்தேன், ஓய்வெடுக்கச் சொன்னார்கள், நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள், அவ்வளவுதான், எந்த மருந்து ஏறுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. 9ஆம் நாள் வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்த அழுத்தமும் சோடியமும் ரொம்பக் குறைவு. அங்கிருந்த இளம் டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்டதும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்க ரத்தம் எடுத்து, முடிவுக்குக் காத்திருக்காமல் அதற்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டார். மறுநாள் காலையில் அப்பா தானே எழுந்து உட்கார்ந்து கண்ணாடி எங்கே என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்தத் தாக்குதலில் அடிபட்டு, கார்ட்டிசோலைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோனே நின்றுபோயிருந்தது. அபூர்வம்தான், ஆனால் மருத்துவர்களுக்குத் தெரிந்த விளைவு. குடலோ நுரையீரலோ வீங்கினால் ஸ்டீராய்டை அதிக அளவில் கொடுத்து, வாரக்கணக்கில் மெதுவாகக் குறைத்து நிறுத்த முயல்வார்கள். ஆனால் நின்றுபோன இந்தச் சுரப்பு பெரும்பாலும் திரும்பி வராது. அப்பாவுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை, காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். பெம்ப்ரோலிஸுமாப் தொடர்கிறது.

இன்னும் அபூர்வமானவையும் உண்டு: திடீரென்று அடங்காத தாகத்தோடு வரும் டைப் 1 சர்க்கரை, இமை தொங்கிப்போகும் தசைத் தளர்ச்சி, இதயத் தசை அழற்சி. கடைசியாகச் சொன்னது உயிரையே எடுக்கும், பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே வருகிறது. மாறாக, மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துத் தலைகாட்டுகிற விளைவுகளும் இருக்கின்றன. நரைத்த முடி திரும்பக் கறுத்துப்போனதைக் கூட 2017இல் ஸ்பெயின் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, சிகிச்சை வேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. மருந்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதிப் பையில் வையுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். காரணம் தெரியாத அசதி என்றால் காலை நேரக் கார்ட்டிசோல் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள்.

அந்தத் தாளை மாற்றச் சொல்லிப் பிரிவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்றினால் இந்த 2ஐயும் மாற்றுகிறேன்.