165 ஹெர்ட்ஸ் மானிட்டர்: பழகிய பின் தெரிந்தவை

கேமிங் மானிட்டர் பெட்டியில் இரண்டு எண்களைப் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். ஒன்று ஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது திரை விநாடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பது (ரெஃப்ரெஷ் ரேட்). இன்னொன்று ‘1 மில்லி செகண்ட்’, பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரமாகச் சொல்வது. முதலாவதை அப்படியே நம்பலாம். இரண்டாவதைத் துருவிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். சில ஆண்டுகளாக என் மேசையில் இருப்பது 27 அங்குல, 2560×1440 பிக்சல், 165 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் மானிட்டர். அதற்கு முன்னால் அதே அளவில், 144 ஹெர்ட்ஸில் ஓடும் வளைந்த விஏ பேனல் ஒன்று நெடுநாள் இருந்தது. ஐபிஎஸ், விஏ இரண்டும் எல்சிடி திரையின் வகைகள். வாங்கிய வாரத்து உற்சாகத்தில் எழுதும் மதிப்பீடுகளில் வராத சில விஷயங்கள் இரண்டோடும் பழகியதில் தெரியவந்தன.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு படத்தை, 16.7 மில்லி செகண்ட் காட்டிவிட்டு அடுத்ததற்கு மாறும். 144-ல் அது 6.9. 165-ல் 6.1, 240-ல் 4.2, 360-ல் 2.8. அதாவது 60-லிருந்து 144-க்குப் போனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் மிச்சம் 3 மில்லி செகண்ட்கூட இல்லை. அதனால்தான் முதல் தாவலில் வித்தியாசம் சட்டென்று தெரிகிறது, அடுத்த தாவலில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 144-க்கும் 165-க்கும் இடையில் எனக்கு இன்றுவரை எதுவும் தெரியவில்லை. அந்த 21 ஹெர்ட்ஸுக்காக ஒரு மாடலை விட்டு இன்னொன்றுக்கு ஓட வேண்டியதே இல்லை.

வித்தியாசம் முதலில் தெரிவது விளையாட்டில் அல்ல, வெறும் டெஸ்க்டாப்பில். மவுஸ் அம்புக்குறி கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. நீளமான பக்கத்தை உருட்டும்போதே எழுத்தைப் படிக்க முடிகிறது. சில நாளில் இது பழகி, மறந்தும் போய்விடும். அப்புறம் வேறு யாருடைய 60 ஹெர்ட்ஸ் கணினியிலாவது உட்காரும்போது ஏதோ கோளாறு என்றே முதலில் நினைப்போம்.

விளையாட்டில் கிடைப்பது இரண்டு. ஒன்று, கை அசைவுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் குறைவது. இன்னொன்று, நகரும் படம் தெளிவாகத் தெரிவது. பலர் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப்பட்டது. நகரும் பொருளைக் கண் விடாமல் பின்தொடரும். திரையோ அடுத்த ஃபிரேம் வரும்வரை அந்தப் பொருளை ஒரே இடத்தில் நிறுத்திவைத்திருக்கும். கண் நகர்கிறது, படம் நகரவில்லை. அந்த வேறுபாடுதான் மங்கலாகத் தெரிகிறது. விநாடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் ஒரு பொருள் நகர்ந்தால், 60 ஹெர்ட்ஸில் அது சுமார் 17 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். 165-ல் சுமார் 6 பிக்சல்தான். வேகமாகத் திரும்பும்போது தூரத்தில் நிற்பவன் எதிரியா, தூணா என்று தெரிவது இதனால்தான்.

ஆனால் இது பிக்சல்கள் கண நேரத்தில் நிறம் மாறிவிட்டால் வரும் கணக்கு. அவை அப்படி மாறுவதில்லை. என் பழைய விஏ பேனலில் இதை நன்றாகவே பார்த்தேன். வெளிச்சமான காட்சிகளில் எந்தக் குறையும் இல்லை. இருட்டுக் குகைக்குள் போய்க் கேமராவைத் திருப்பினால், கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாற வேண்டிய பிக்சல்கள் திணறும். பொருளுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கறை இழுபட்டுக்கொண்டே வரும். 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 6.9 மில்லி செகண்ட். அதற்குள் மாறி முடிக்காத பிக்சல் அடுத்த ஃபிரேமையும் சேர்த்துக் கெடுக்கிறது. அந்த மானிட்டரின் பெட்டியிலும் ‘1 மில்லி செகண்ட்’ என்றுதான் இருந்தது.

இந்த எண்ணை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஜிடிஜி என்று போட்டிருந்தால், ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிக்சல் மாற எடுக்கும் நேரம். பெரும்பாலும் இருப்பதிலேயே வேகமான மாற்றத்தை எடுத்து அச்சடிப்பார்கள். எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் விஷயமே வேறு. பின்னொளியை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறை பளிச்சென்று மின்னவைத்து அணைத்தால் வரும் எண் அது. மங்கல் உண்மையிலேயே குறையும். கூடவே திரையின் வெளிச்சமும் நன்றாகக் குறையும், சிலருக்குத் தலைவலி வரும், பெரும்பாலான மானிட்டர்களில் ஃப்ரீசிங்க்கோடு (கார்டின் வேகத்துக்கேற்பத் திரை மாறும் வசதி, பின்னால் சொல்கிறேன்) சேர்ந்து வேலையும் செய்யாது. என் ஐபிஎஸ்ஸிலும் இந்த வசதி இருக்கிறது. சில தடவை போட்டுப் பார்த்துவிட்டு அணைத்ததுதான், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

மெனுவில் ‘ஓவர்டிரைவ்’ என்றோ ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்றோ ஒரு அமைப்பு இருக்கும். பிக்சலுக்குக் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து வேகமாக மாறவைப்பது அதன் வேலை. உச்சத்தில் வைத்தால் பிக்சல் போக வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும். நகரும் பொருளைச் சுற்றி வெளிறிய ஓரம் தெரியும். பெட்டியில் போடும் ஜிடிஜி எண் பெரும்பாலும் இந்த உச்ச நிலையில் எடுத்ததுதான். நான் பார்த்தவரை நடு நிலைதான் சரி. ஃபிரேம் எண்ணிக்கை குறையும் கனமான விளையாட்டில் அதற்கும் ஒரு படி கீழே வைக்கிறேன். 165 ஹெர்ட்ஸில் சரியாக இருக்கும் ஓவர்டிரைவ், 60 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கியதும் மிகையாகிவிடும்.

சரி, ஹெர்ட்ஸைவிட மேலாக நான் மதிக்கும் ஒன்று உண்டு. கிராஃபிக்ஸ் கார்டு ஃபிரேமைத் தரும்போதுதான் திரை மாறும் என்ற ஏற்பாடு. பொதுப்பெயர் விஆர்ஆர். என்விடியா 2013-ல் ஜி-சிங்க்கை அறிவித்தது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015-ல் வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் தன் கார்டுகளை அந்த வகை மானிட்டர்களோடு வேலை செய்யத் திறந்துவிட்டது. அதன் பிறகு எந்தக் கார்டு, எந்த மானிட்டர் என்ற கவலை வெகுவாகக் குறைந்துவிட்டது. இது இல்லாத திரையில் விநாடிக்கு 90 ஃபிரேம் வந்தால், படம் நடுவில் கிழிந்து தெரியும். வி-சிங்க் (திரை தயாராகும்வரை ஃபிரேமைக் காக்கவைக்கும் அமைப்பு) போட்டால் கிழியாது, ஆனால் விக்கும், தாமதமும் கூடும். விஆர்ஆர் இருந்தால் 90-ம் வழவழப்பாகவே தெரியும், 75-ம் அப்படியே. கார்டு ஒருபோதும் 165-ஐ எட்டாத பெரிய விளையாட்டுகளில்தான் இந்த மானிட்டர் தன் விலைக்கு வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதிலும் பார்க்க வேண்டியது வீச்சு, அதாவது எந்த ஹெர்ட்ஸிலிருந்து எதுவரை விஆர்ஆர் வேலை செய்யும் என்பது. பல மானிட்டர்களில் இது 48-லிருந்து உச்ச எண்வரை இருக்கும். ஃபிரேம் 48-க்குக் கீழே போனால், அதே ஃபிரேமை இருமுறை காட்டிச் சமாளிக்கும். அதற்கு உச்ச எண், கீழ் எண்ணைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். 48-லிருந்து 75 மட்டும் என்று விற்கும் மானிட்டர்களில் இது நடக்காது. மேல் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. ஃபிரேம் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டுவிட்டால் விஆர்ஆர் கைவிட்டுவிடும். அதனால் விளையாட்டின் அமைப்பிலேயே 162 என்று வரம்பு போட்டுவைத்திருக்கிறேன், உச்சத்துக்கு 3 குறைவு. என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் என்ற, தாமதத்தைக் குறைக்கும் வசதியுள்ள விளையாட்டுகளில், ஜி-சிங்க்கும் வி-சிங்க்கும் போட்டிருந்தால் இந்த வரம்பை அதுவே பார்த்துக்கொள்கிறது.

பழைய விஏ-யில் விஆர்ஆர் ஒரு தொல்லையும் கொடுத்தது. மெனுவிலும் லோடிங் திரையிலும் ஃபிரேம் எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்கும்போது, இருட்டான பகுதிகள் மினுக் மினுக்கென்று துடிக்கும். பழுதல்ல அது. ரெஃப்ரெஷ் ரேட் மாற மாறப் பேனலின் வெளிச்சமும் சற்று மாறுவதால் வருவது. விஏ-யிலும் ஓஎல்இடி-யிலும் (பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் திரை) அதிகம் தெரியும், ஐபிஎஸ்ஸில் அவ்வளவாகத் தெரியாது. ஃபிரேமுக்கு வரம்பு போட்டு ஓரளவு அடக்கலாம், முழுதாகப் போகாது.

கணினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2560×1440 என்றால் சுமார் 37 லட்சம் பிக்சல். 1920×1080-ல் 21 லட்சம்தான். 27 அங்குலத்தில் 1080 வைத்தால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் வரும், எழுத்து சொரசொரப்பாகத் தெரியும். அந்தத் தெளிவு போதும் என்பவர் 24 அங்குலத்திலேயே நிற்பது நல்லது. வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் தரத்தைக் குறைத்தால் ஃபிரேம் எகிறும், ஆனால் அங்கே தடுப்பது கார்டு அல்ல, பிராசசர். கார்டை மாற்றிவிட்டு எண் ஏறவில்லையே என்று புலம்புபவர்கள் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எல்டன் ரிங் போன்றவை 60-க்கு மேல் போகவே போகாது. அங்கே எவ்வளவு ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்தும் பயனில்லை. இடையில் செயற்கை ஃபிரேம்களைச் செருகும் வசதியும் இப்போது பரவிவிட்டது. கண்ணுக்கு வழவழப்பு கூடும். கைக்கு அந்த வேகம் வராது, தாமதம் சற்றுக் கூடவும் செய்யும். தனியாளாக ஆடும் கதை விளையாட்டுக்கு அது நல்லது, போட்டிக்கு ஒத்துவராது.

மாட்டியதும் பார்க்க வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் பெரும்பாலும் புது மானிட்டரை 60-லேயே விட்டுவிடும். டிஸ்ப்ளே அமைப்பில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற பகுதிக்குப் போய் எண்ணை மாற்றாதவரை காசு கொடுத்தது வீண். கேபிள் டிஸ்ப்ளேபோர்ட்டாக இருக்கட்டும். எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டில் 1440 பிக்சல் திரைக்கு 144-தான் எல்லை. கேம் கன்சோலை 4கே 120-ல் இணைக்க நினைப்பவர் எச்டிஎம்ஐ 2.1 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மவுஸையும் மறந்துவிட வேண்டாம். சாதாரண மவுஸ் விநாடிக்கு 125 முறைதான் தன் இடத்தைச் சொல்லும். 165 முறை மாறும் திரையில் அது போதாது, அம்புக்குறி நடுங்குவதுபோல் இருக்கும். 1000 முறை சொல்லும் மவுஸ் போட்டதும் சரியாகிவிடும்.

படம் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், இணைய வீடியோக்கள் பெரும்பாலும் 30 அல்லது 60. இந்த மூன்றாலும் 120 மீதியில்லாமல் வகுபடும். 144 முதல் எண்ணால் மட்டுமே வகுபடும், 165 எதனாலும் வகுபடாது. கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் இந்தத் தடுமாற்றம் எனக்குக் கண்ணில் உறுத்துகிறது. அதனால் மற்ற நேரத்தில் 120-ல் வைத்துவிட்டு, ஆடும்போது மட்டும் 165-க்கு ஏற்றுகிறேன். இன்னொரு லாபமும் இருந்தது. 165-ல் சும்மா இருக்கும்போதும் என் கார்டின் நினைவகம் முழு வேகத்தில் ஓடி விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். 120-ல் அது அடங்கிவிட்டது.

ஐபிஎஸ்ஸுக்கு மாறியதில் இழந்தது கறுப்பு. விஏ-யின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 3000-க்கு 1 அளவில் இருக்கும், ஐபிஎஸ்ஸில் 1000-க்கு 1 பக்கம். விளக்கை அணைத்துவிட்டு ஆடினால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, மூலைகளில் வெளிறிய ஒளி பரவுகிறது. பின்னால் ஒரு சிறு விளக்கை வைத்ததும் பாதித் தொல்லை போனது. எச்டிஆர் 400 என்ற முத்திரையும் என் ஐபிஎஸ் மானிட்டரில் இருக்கிறது. எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் முறை. அந்தத் தரத்துக்குப் பகுதிவாரியாகப் பின்னொளியை மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை. அது இல்லாத எச்டிஆர், படத்தைக் கழுவி வெளுத்ததுபோல் காட்டுகிறது. ஒரு மாலை பார்த்துவிட்டு அணைத்துவைத்தேன்.

வாங்கியதும் முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை நிரப்பிப் பார்ப்பது நல்லது. ஓரிரு செத்த பிக்சல்களைப் பல நிறுவனங்கள் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு கண்டுபிடித்தால், அந்தப் புள்ளியோடுதான் காலம் தள்ள வேண்டும்.

அடுத்தது எது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி ஒன்றை நிதானமாக ஆடிப் பார்த்தேன். பிக்சல் மாற எடுக்கும் நேரம் அங்கே ஒரு பொருட்டே இல்லை, 0.03 மில்லி செகண்ட் என்று சொல்கிறார்கள். விஏ-யில் பார்த்த அந்தக் கறை மருந்துக்கும் இல்லை. கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது. ஆடுவதற்கு மட்டும் ஒரு திரை வேண்டுமென்றால் இரண்டாவது யோசனையே இல்லாமல் அதைத்தான் எடுப்பேன். ஆனால் என் திரையில் பகல் முழுக்க ஒரே டாஸ்க்பார், ஒரே எடிட்டர் சாளரம், ஒரே வெள்ளைப் பக்கம். அப்படி அசையாமல் நிற்கும் படங்கள் நாளடைவில் ஓஎல்இடி-யில் தழும்பாகப் பதியும் ஆபத்து உண்டு. வேலையும் விளையாட்டும் ஒரே மேசையில் நடக்கும்வரை ஐபிஎஸ்ஸை மாற்றும் எண்ணமில்லை.