ஏற்காட்டில் மூன்று நாள் பயிற்சி: குழந்தை நலப் பணியாளர்கள் காசு கட்டிப் போகலாமா?

முதல் நாள் மதியமும் இரண்டாம் நாள் காலையும் நன்று. இரண்டாம் நாள் ராத்திரி நடப்பதை உடனே நிறுத்த வேண்டும். மூன்றாம் நாளில் பாதி பழைய சரக்கு. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் மேலே படியுங்கள். நடத்துபவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. குறை சொல்கிற இடத்தில் பெயரைப் போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப்பணியாளர்கள், ஆலோசகர்கள், குழந்தைகள் இல்லங்களின் சமூகப் பணியாளர்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கான உறைவிடப் பயிற்சி இது. ஒரு பேட்ச்சுக்கு 24 பேர். தலைக்கு 7,500 ரூபாய்; இருவர் தங்கும் அறையும் சாப்பாடும் அதில் அடக்கம். வெள்ளி காலை தொடங்கி ஞாயிறு மதியம் முடிகிறது. முதல் கோளாறு இங்கேயே இருக்கிறது. வேலைச் சோர்வைக் குறைக்கும் பயிற்சி, வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறையைத் தின்றுவிடுகிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளையோடு நிற்க வேண்டியவர், ஞாயிறு சாயங்காலம் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வர வேண்டும். செவ்வாய் முதல் வியாழன் வரை வைத்து, அதைப் பணி நாளாகக் கணக்கிட அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கடிதம் கேட்டால் தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டும்.

முதல் நாள் மதியம் முப்பது வாக்கியங்கள் உள்ள ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். ப்ரோ-க்யூ-ஓ-எல் என்ற பெயரில் உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் அது. கடந்த 30 நாளை நினைத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். கடைசியில் மூன்று கூட்டுத்தொகை வரும்: வேலையில் கிடைக்கும் மனநிறைவு, பணிச்சோர்வு, அடுத்தவர் காயம் நமக்குள் இறங்குவதால் வரும் இரண்டாம்நிலை மனக்காயம். ஒவ்வொன்றிலும் 22-ம் அதற்குக் கீழும் குறைவு, 23 முதல் 41 வரை நடுத்தரம், 42-ம் அதற்கு மேலும் அதிகம். இதில் எல்லாரும் வழுக்கும் ஓர் இடம் உண்டு. 1, 4, 15, 17, 29 ஆகிய ஐந்து வாக்கியங்களும் நல்லதைச் சொல்பவை. அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கிய பிறகே பணிச்சோர்வுக் கணக்கில் சேர்க்க வேண்டும். 5 போட்டிருந்தால் 1, 4 போட்டிருந்தால் 2. இதை மறந்து கூட்டினால், வேலையை ரசித்துச் செய்பவர்தான் பட்டியலில் அதிகம் சோர்ந்தவராகத் தெரிவார். பயிற்றுநர் இதைப் பலகையில் போட்டுக் காட்டி, ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சரிபார்த்தது பாராட்ட வேண்டிய விஷயம்.

அடுத்து அவர் செய்தது பாராட்டும்படி இல்லை. "யாருக்கு 42-க்கு மேல? கை தூக்குங்க" என்றார். அதே அறையில் மேலதிகாரிகளும் இருந்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கையெழுத்து யாருடையதோ அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எந்தக் கையும் மேலே போகாது. அந்தத் தாள் நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் இல்லை. அவரவர் தன்னைக் கவனித்துக்கொள்வதற்கானது. மடித்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டியது.

பணிச்சோர்வையும் இரண்டாம்நிலை மனக்காயத்தையும் பிரித்துக் காட்டியதுதான் இந்தப் பயிற்சியின் உண்மையான வரவு. இந்த இரண்டையும் "டென்ஷன்" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுவது நம் வழக்கம். பணிச்சோர்வு மெல்ல ஏறும். தீராத ஃபைல், தாமதமாகும் சம்பளம், ஒரே ஆள் மூன்று வட்டாரம் பார்ப்பது போன்றவற்றால் வருவது. மற்றது ஒரே கேஸில், ஒரே நாளில்கூட வந்துவிடும். வாக்குமூலத்தில் கேட்ட ஒரு வரி தூக்கத்தில் திரும்ப வரும். அந்தத் தெரு வழியாகப் போவதைக் கால் தானாகத் தவிர்க்கும். சொந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்குக்கூட அனுப்பத் தோன்றாது. முதலாவதுக்கு மருந்து ஆள், நேரம், விடுப்பு. இரண்டாவதுக்கு அந்த வகைக் கேஸிலிருந்து சில வாரம் ஒதுங்கல், பயிற்சி பெற்ற ஒருவரிடம் தனியாகப் பேசுதல். ஒன்றுக்கு உரியதை மற்றதற்குக் கொடுத்தால் பலன் இருக்காது. கேஸ் சுமையால் களைத்தவரைத் தியானத்தில் உட்கார வைத்தால், கண்ணை மூடிக்கொண்டு நிலுவை அறிக்கைகளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்.

இரண்டாம் நாள் காலை சூப்பர்விஷன். மூன்று நாளில் காசுக்குத் தகுந்த மூன்று மணி நேரம் இது. ரிவியூ மீட்டிங் வேறு, சூப்பர்விஷன் வேறு என்பதைச் செய்தே காட்டினார்கள். ரிவியூவில் கேட்பது "எத்தனை பெண்டிங்?" சூப்பர்விஷனில் கேட்பது "இந்தப் பிள்ளையை வீட்டுக்கே திரும்ப அனுப்பலாம்னு எதை வெச்சு முடிவு பண்ணுனீங்க? அந்த முடிவு எடுத்த அன்னைக்குத் தூங்குனீங்களா?" நிர்வாகம், கற்றல், ஆளைத் தாங்கிப் பிடித்தல் என்று சூப்பர்விஷனுக்கு மூன்று வேலை. நம் அலுவலகங்களில் முதலாவது மட்டும் நடக்கிறது.

அவர்கள் கொடுத்த 45 நிமிட வடிவம்: முதல் 5 நிமிடம் ஆள் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பது, 25 நிமிடம் இரண்டே இரண்டு கேஸ், 10 நிமிடம் தெரிந்துகொள்ள வேண்டியது, கடைசி 5 நிமிடம் யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வது. பதிவுத் தாள் ஒரு பக்கம்தான். அதில் முடிவுகளை மட்டும் எழுத வேண்டும். அழுததையோ குடும்பப் பிரச்சினையையோ எழுதக் கூடாது. கதவு மூடியிருக்க வேண்டும், போன் வெளியே இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை போதும், ஆனால் தேதியை மாற்றவே கூடாது. தேதி தள்ளத் தொடங்கினால் மூன்றாவது மாதத்தில் காணாமல் போய்விடும்.

சூப்பர்வைசரே வேலையைப் பிடுங்கக்கூடியவராக இருந்தால் யார் வாய் திறப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். சமாளிக்காமல் பதில் சொன்னார்கள்: அப்படியானால் சக பணியாளர் குழுவை வையுங்கள். நான்கிலிருந்து ஆறு பேர், மாதம் ஒரு மணி நேரம். கேஸ் கொண்டுவருபவர் 10 நிமிடம் பேசுவார். மற்றவர்கள் 10 நிமிடம் சந்தேகம் மட்டும் கேட்கலாம், அறிவுரை கூடாது. பிறகு 20 நிமிடம் அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் தங்களுக்குள் அந்தக் கேஸைப் பேசுவார்கள். அடுத்த 10 நிமிடத்தில் காதில் விழுந்ததில் எது பயன்படும் என்று அவர் சொல்வார், மிச்சத்தில் முடிவு. அந்த 20 நிமிட மௌனம்தான் இதன் உயிர். நம் ஆட்கள் இரண்டாவது நிமிடமே "அது அப்படி இல்லீங்க" என்று குறுக்கே விழுகிறார்கள். நேரம் பார்க்கத் தனியாக ஒருவரை வைக்காவிட்டால் இது அரட்டையாகிவிடும்.

அதே நாள் மதியம் வீட்டு விசிட் பாதுகாப்பு. உதாரணங்கள் சேலத்துக்காரர்களுக்குத் தெரிந்தவை: செவ்வாப்பேட்டை கொலுசுப் பட்டறை, தறிக்கூடம், சேர்வராயன் மலையில் சிக்னல் எட்டாத ஊர்கள், முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கல்யாண மண்டபம். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாவட்டம் இது. வடநாட்டு ரயில் நிலையப் படங்களைக் காட்டி நமக்குப் பாடம் நடத்தாததே நிம்மதி. சொன்ன நடைமுறை: புறப்படும் நேரம், போகும் ஊர், திரும்பும் நேரம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டும். சொன்ன நேரம் தாண்டி அரை மணியானால் அலுவலகத்திலிருந்து கூப்பிட வேண்டும். சிக்னல் இல்லாத ஊர் என்றால், கடைசியாக சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து ஒரு போன். வண்டியைத் திரும்பும் திசை பார்த்து நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் வாசல் பக்கம் உட்கார வேண்டும். ஆபத்து என்றால் சொல்ல முன்கூட்டியே பேசி வைத்த ஒரு சாதாரண வாக்கியம்: "மேசை மேல நீல ஃபைல் இருக்கான்னு பாருங்கக்கா." அந்தப் பக்கம் இருப்பவர் கேள்வி கேட்காமல் போலீஸைக் கூப்பிட வேண்டும். குழந்தைத் திருமணத்தை நிறுத்தத் தனியாகப் போகவே கூடாது. சட்டப்படி அதற்குரிய அதிகாரி மாவட்ட சமூக நல அலுவலர், அவர் தரப்பும் போலீஸும் கூட வர வேண்டும். பந்தி போட்ட பிறகு போய் நிற்பதைவிட, தகவல் வந்த அன்றே 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-வது பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் தடையாணை கேட்பது பாதுகாப்பானது என்றார்கள். சரியான பேச்சு.

இனி அந்த ராத்திரி. சாப்பாடு முடிந்து, நெருப்பு மூட்டி, வட்டமாக உட்கார வைத்து, "உங்களால் மறக்கவே முடியாத கேஸை மனசு விட்டுச் சொல்லுங்க" என்றார்கள். ஒருவர் பின் ஒருவராக 24 பேர். ஐந்தாவது ஆளுக்குள் அழுகை. பத்தாவது ஆளுக்கு மேல் சிலர் எழுந்து அறைக்குப் போய்விட்டார்கள். அழுகையைப் பார்த்து நல்லது நடந்துவிட்டதாக நடத்துபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அங்கே நடப்பது, ஒவ்வொருவரும் தன் மூட்டையோடு மற்ற 23 மூட்டைகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மலையிறங்குவது. ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது பிற்பாடு வரும் மனக்காய நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கூட்டவும் செய்யலாம் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2002-லேயே எழுதிவிட்டார்கள். நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2011 உளவியல் முதலுதவிக் கையேட்டின் அடிப்படை விதி.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளையின் பெயரை மாற்றிச் சொன்னார்கள், சரி. ஊர், வகுப்பு, அப்பாவின் தொழில் எல்லாம் அப்படியே இருந்தன. மலையில் இருப்பது கைவிரலில் எண்ணும் பள்ளிகள். பிள்ளை யாரென்று அங்கேயே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவைக் காலையில் படித்துவிட்டு ராத்திரி மறந்துவிட்டார்கள்.

பேசவே கூடாது என்பதில்லை. பேசும் முறை ஒன்று இருக்கிறது, மூன்றாம் நாள் கால் மணி நேரத்தில் அதைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டார்கள். முதலில், நாம் இப்போது எதைக் கொட்டப்போகிறோம் என்று நமக்கே தெரிய வேண்டும். அடுத்து எதிரில் இருப்பவருக்கு முன்னறிவிப்பு. பிறகு சம்மதம். கடைசியில், தேவையான அளவு மட்டும். "அக்கா, ஒரு போக்சோ கேஸ் பத்திப் பேசணுங்க்கா, கொஞ்சம் கஷ்டமானது. இப்பக் கேக்க முடியுமா, சாயங்காலம் கூப்பிடட்டுமா?" இவ்வளவுதான். காயத்தின் விவரம் எதுவும் இல்லாமலே, நம்மை அதில் எது அசைத்தது என்று சொல்லிவிட முடியும். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்த இரண்டு மணி நேரத்தை இதைப் பழக்குவதற்குக் கொடுத்திருக்கலாம்.

மூச்சுப் பயிற்சி: நான்கு எண்ணிக்கை உள்ளே, நான்கு நிறுத்தம், நான்கு வெளியே, நான்கு நிறுத்தம். விசிட்டுக்குக் கதவைத் தட்டும் முன் மூன்று சுற்று போட்டால் குரல் நடுங்காது. அதற்கு மேல் இதற்குப் பெருமை பேச வேண்டாம். காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தையும் அதில் ஏறிய மிளகுக் கொடியையும் பார்த்து ஐந்து பொருள் எண்ணச் சொன்ன பயிற்சி இதமாக இருந்தது. அதே தோட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டு இன்ஸ்டன்ட் தூள் காபி கொடுத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் சட்ட வகுப்பில் கவனமாக இருங்கள். தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றம் தருவதாக ஒரு ஸ்லைடு சொன்னது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது ஆணை மாவட்ட ஆட்சியரிடமிருந்து. 1098 பற்றிய ஸ்லைடும் மாநில அரசின் கைக்கு மாறுவதற்கு முந்தையது. பிள்ளையின் குடும்ப நிலையை விசாரித்துத் தரும் சமூக விசாரணை அறிக்கையை எழுதும் பகுதி மட்டும் உருப்படி. 15 நாளில் முடிக்க வேண்டிய அந்த அறிக்கைக்கான 22-ம் படிவத்தைக் கடைசி ராத்திரி உட்கார்ந்து எழுதுவதே பலருக்குப் பணிச்சோர்வின் பெரிய பங்கு. விசிட் முடிந்த அன்றே, பஸ்ஸில் வரும்போதே, பார்த்தது ஒரு பத்தி, கேட்டது ஒரு பத்தி, நம் கணிப்பு ஒரு பத்தி என்று குரல் பதிவு செய்யாமல் நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார்கள். பஸ்ஸில் குரல் பதிவு செய்தால் பக்கத்து சீட்டுக்காரரும் கேட்பார் என்ற காரணத்தையும் சேர்த்தே சொன்னார்கள்.

அறை சுத்தம், வெந்நீர் காலை ஏழு வரைதான். சாப்பாடு பரவாயில்லை. வளைவுகளில் வாந்தி வருபவர்கள் அடிவாரத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.

பயிற்சிக்குப் பிறகு 30-வது நாளும் 90-வது நாளும் ஆன்லைனில் ஒரு மணி நேரம் பேசுவோம் என்றார்கள். முப்பதாவது நாள் பேசினார்கள், பயனாகவும் இருந்தது. தொண்ணூறாவது நாள் அடுத்த பயிற்சிக்கான விளம்பரம். இடைப்பட்ட நாளில் தாங்க முடியாத நிலை வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தது நல்ல காரியம்.

தனி ஆளாகப் போவதைவிட ஒரே அலுவலகத்திலிருந்து மூன்று பேர் போங்கள். சக பணியாளர் குழுவைத் தொடங்க அந்த எண்ணிக்கை வேண்டும். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நெருப்பு வட்டத்தில் உட்காராமல் இருக்க அனுமதி உண்டா, மேலதிகாரிகளுக்குத் தனி பேட்ச் உண்டா? மே மாத பேட்ச் மட்டும் வேண்டாம். கோடை விழா நேரத்தில் மேலே போய்ச் சேர்வதற்குள் முதல் வகுப்பு முடிந்திருக்கும்.