டாம்கேட், மைஎஸ்கியூஎல், நடுவில் ஒரு ஜார் ஃபைல்: ஏழு வருட அனுபவம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் ஆர்டர், கட்டிங், ஸ்டாக் கணக்குகளுக்காக ஜாவாவில் எழுதிய வெப் அப்ளிகேஷன் ஒன்றை 2018-லிருந்து பார்த்துக்கொள்கிறேன். ஒரே உபுண்டு சர்வரில் அந்த அப்ளிகேஷனை இயக்கும் டாம்கேட்டும், தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லும் ஓடுகின்றன. ஆரம்பத்தில் டாம்கேட் 8.5, மைஎஸ்கியூஎல் 5.7, இரண்டையும் இணைக்கும் டிரைவரான கனெக்டர்/ஜே 5.1. இப்போது டாம்கேட் 10.1, மைஎஸ்கியூஎல் 8.0, கனெக்டர்/ஜே 8. இத்தனை வருடத்தில் டாம்கேட் தானாகப் படுத்த நாள் ஒன்றுகூட நினைவில்லை. மைஎஸ்கியூஎல்லும் அப்படித்தான். ராத்திரி போன் வந்ததெல்லாம் அந்த டிரைவரின் ஜார் ஃபைலால்தான், அதாவது அதன் ஜாவா நிரல்களைக் கட்டி வைத்த ஃபைலால்தான்.

முதலில் வந்தது எல்லோருக்கும் வருகிற 'நோ சூட்டபிள் டிரைவர்'. ஜார் இருக்கிறது, ஆனால் டாம்கேட்டோ பொருத்தமான டிரைவர் இல்லை என்கிறது. காரணம் ஜார் இருக்கும் இடம். டேட்டாபேஸ் இணைப்புகளை டாம்கேட்டே பூல் போட்டு (முன்கூட்டியே திறந்து வைத்து) ஜேஎன்டிஐ வழியாக, அதாவது பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவதாக இருந்தால், டிரைவர் டாம்கேட்டின் சொந்த லிப் ஃபோல்டரில் இருக்க வேண்டும். அப்ளிகேஷனே நேராக இணைப்பு எடுத்தால் அதற்குள் இருக்கும் வெப்-இன்ஃப் லிப் ஃபோல்டர் போதும். ஆனால் டிரைவரைத் தானாகத் தேடும் வேலை டாம்கேட் எழும்போது ஒரே முறைதான் நடக்கும். அப்ளிகேஷனுக்குள் இருக்கும் ஜார் அப்போது கண்ணில் படாது. அதனால் டிரைவரைப் பெயர் சொல்லி ஏற்றும் கிளாஸ்.ஃபார்நேம் வரியை நாமே எழுத வேண்டும். இந்தக் குழப்பத்தில் யாரோ இரண்டு இடத்திலும் ஜாரைப் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு நான் வார் ஃபைலுக்குள் (மொத்த அப்ளிகேஷனையும் கட்டிய ஃபைல்) புதிய டிரைவரை வைத்து டிப்ளாய் செய்தேன், அதாவது சர்வரில் ஏற்றினேன், பழைய பிழையே வந்தது. டாம்கேட் தன் லிப்பில் இருந்த 5.1-ஐத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. ஃபைண்ட் கமாண்டில் கனெக்டர் என்று தேடியபோதுதான் இரண்டு ஜார்கள் பல்லிளித்தன. இன்றும் டிப்ளாய் செய்யுமுன் அந்தத் தேடலை ஓட்டாமல் நான் எதையும் தொடுவதில்லை.

மைஎஸ்கியூஎல் 8.0-க்கு மாறியதுதான் பெரிய கட்டம். அந்தப் பதிப்பில் புதிதாக உருவாக்கும் யூசருக்கு பாஸ்வேர்டைச் சோதிக்க 'காஷிங் ஷா2 பாஸ்வேர்டு' என்ற முறைதான் இயல்பாக அமையும். பழைய யூசர் ஒழுங்காக வேலை செய்தது. ரிப்போர்ட்டுக்காகப் புதிதாக உருவாக்கிய யூசர் மட்டும் உள்ளே போகவில்லை. எங்களிடம் இருந்த பழைய 5.1 டிரைவருக்கு அந்த முறையே தெரியாது, 5.1.46-லிருந்துதான் தெரியும். சரி, டிரைவரை 8-க்கு மாற்றினேன். டிரைவர் கிளாஸின் பெயரிலும் நடுவில் 'சிஜே' சேர்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். வேலை செய்தது.

அப்புறம்தான் வினோதமான ஒன்று. சில வாரம் கழித்து டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தோம். 'பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவ்டு' (பொதுச் சாவியை வாங்க அனுமதியில்லை) என்று அப்ளிகேஷன் நின்றுவிட்டது. பாஸ்வேர்டு சரிதானா பார்ப்போம் என்று டெர்மினலில் அதே யூசராக உள்ளே போய் வெளியே வந்தேன். அப்ளிகேஷன் எழுந்துவிட்டது! நான் எதையுமே மாற்றவில்லை. அடுத்த ரீஸ்டார்ட்டிலும் இதே கதை.

விஷயம் 'காஷிங்' என்ற பெயரிலேயே இருக்கிறது. ஒரு யூசர் முதல் முறை வரும்போது சர்வர் முழு சோதனை செய்யும். அதற்கு இணைப்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் போன்ற பாதுகாப்பான வழி வேண்டும், இல்லாவிட்டால் சர்வரின் பொதுச் சாவி வேண்டும். ஒருமுறை தேறிவிட்டால் சர்வர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த முறை சுருக்கமான சோதனையோடு விட்டுவிடும். ரீஸ்டார்ட்டில் அந்த நினைவு அழிந்துபோகும். டெர்மினலில் நான் அதே மெஷினுக்குள்ளேயே இயங்கும், பாதுகாப்பானதாகக் கருதப்படும் சாக்கெட் வழியாக நுழைந்ததே அந்த முதல் சோதனையை முடித்துக் கொடுத்திருக்கிறது. எங்கள் இணைப்பு வரியில் எஸ்எஸ்எல் (டிஎல்எஸ்ஸின் பழைய பெயர்) வேண்டாம் என்று பழைய காலத்தில் எழுதியது அப்படியே கிடந்தது. அதை எடுத்துவிட்டு டிஎல்எஸ் கட்டாயம் என்று போட்டதும் தொல்லை தீர்ந்தது. 'அலவ் பப்ளிக் கீ ரிட்ரீவல்' என்பதை ட்ரூ ஆக்கினாலும் ஓடும்தான். ஆனால் டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருந்தால் அதைச் செய்யாதீர்கள். நடுவில் ஒருவன் போலிச் சாவியைக் கொடுத்துப் பாஸ்வேர்டைப் பிடித்துவிட முடியும்.

இதே மாற்றத்தின்போது நம் ஊர் நேரமும் மாட்டியது. சர்வரின் நேர மண்டலம் 'ஐஎஸ்டி' என்று இருந்தது. இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே சுருக்கம் என்பதால் கனெக்டர் 8 இணைக்கவே மறுத்துவிட்டது. இணைப்பு வரியில் ஏசியா/கொல்கத்தா என்று எழுதினால் போதும். கனெக்டர் 8.0.23-லிருந்து இந்தப் பிடிவாதம் இல்லை.

காலை முதல் ஆள் லாகின் செய்யும்போது மட்டும் வரும் பிழைக்கு விளக்கம் எளிது. மைஎஸ்கியூஎல் 28,800 நொடி, அதாவது 8 மணி நேரம், சும்மா கிடக்கும் இணைப்பைத் தானே மூடிவிடும். டாம்கேட் ஜேடிபிசி பூலுக்கு அது தெரியாது. செத்த இணைப்பைத் தூக்கிக் கொடுக்கும். இணைப்பைக் கொடுக்குமுன் சோதிக்கும் 'டெஸ்ட் ஆன் பாரோ' அதில் இயல்பாக அணைந்திருக்கும். அதை ஏற்றி, 'செலக்ட் 1' என்ற சோதனை வரியும் கொடுங்கள்.

டாம்கேட் 10-க்குப் போனபோது வேறு மாதிரி அடி. ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய, வெப் கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட் பேக்கேஜ்கள் அதில் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. எங்கள் குழுவில் ஒரு தம்பி மொத்த புராஜெக்டிலும் ஜாவாஎக்ஸை ஜகார்த்தா ஆக்கிவிட்டான். சர்வ்லெட் சரியானது, டேட்டாபேஸ் போனது. ஜாவாஎக்ஸ்.எஸ்கியூஎல், ஜாவாஎக்ஸ்.நேமிங் இரண்டும் ஜாவாவின் சொந்தப் பேக்கேஜ்கள். அவை மாறவே இல்லை. அவனைக் குறை சொல்ல முடியாது, எனக்கும் அன்றுதான் அந்த வித்தியாசம் மனதில் பதிந்தது. அவசரம் என்றால் பழைய வார் ஃபைலை 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்ற ஃபோல்டரில் போடுங்கள், டாம்கேட்டே மாற்றிக்கொள்ளும். அதில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டு நிதானமாக நிரலை மாற்றினோம்.

இந்த ஜோடியைப் புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தயங்காமல் சொல்வேன், எடுத்துக்கொள்ளலாம். ஜாவா, டாம்கேட், டிரைவர், டேட்டாபேஸ் என நான்கின் பதிப்பு எண்ணையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வார் ஃபைலோடு வைத்துக்கொள்ளுங்கள். பிழை வந்தால் லாக்கில் முதல் வரியைப் படித்து ஓடாதீர்கள். கீழே இறங்கிக் கடைசி 'காஸ்டு பை' (இதனால் வந்தது) வரியைப் பாருங்கள். நிஜக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அடுத்து மைஎஸ்கியூஎல் 8.4. அதில் பழைய 'நேட்டிவ் பாஸ்வேர்டு' முறை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது, 9.0-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். போன வாரம் யூசர் டேபிளைத் திறந்து பிளகின் என்ற நெடுவரிசையைப் பார்த்தேன். 2018-ல் நான் உருவாக்கிய இரண்டு யூசர்கள் இன்னும் பழைய முறையில்தான் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி மூடியிருக்கும்போது முதலில் அவர்களை மாற்றப் போகிறேன்.